10 மாத லேப்புக்கு இடுப்பு மூட்டுத் தளர்வு: உடனே ஆபரேஷன் செய்ய வேண்டுமா?

#1 அழகாபுரம் லேப்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கறுப்பு லேப்ரடாருக்குப் பத்து மாதம் ஆகிறது. பெயர் கருப்பன், எடை 38 கிலோ. கொஞ்ச நாளாகவே படுத்து எழும்போது முன்காலை ஊன்றிப் பின்பக்கத்தை இழுத்துக்கொண்டுதான் எழுகிறான். ஓடும்போது பின்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி குதிக்கிறான். மொட்டை மாடிக்கு முதல் ஆளாக ஏறுகிறவன் இப்போது முதல் படியிலேயே நின்று என் முகத்தைப் பார்க்கிறான்.

இங்கே ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு பக்கமும் ஹிப் டிஸ்பிளேசியா, தொடை எலும்பின் பந்து போன்ற தலை இடுப்பெலும்பின் கிண்ணத்தில் சரியாக உட்காரவில்லை என்றார்கள். தொடை எலும்பின் தலையை வெட்டி எடுக்கும் ஆபரேஷனைச் சீக்கிரம் செய்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் நடக்கவே மாட்டான் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் அம்மா அழுகிறார்கள். குட்டியை விற்றவர் சொன்னபடி தினமும் கால்சியம் சிரப் கொடுத்து வருகிறோம். சாப்பாடு கோழி, சோறு, தயிர்.

இந்த வயதில் ஆபரேஷன் தேவையா? மாத்திரையில் சமாளிக்க முடியுமா? பெரிய நாய் வளர்த்து இதை அனுபவித்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஏற்காடு எஸ்டேட்

தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், அவன் நடப்பான். எங்கள் தோட்டத்தில் இருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ஒரு வயது முடிவதற்குள்ளேயே இதே நோய் என்று தெரிந்தது. இப்போது அவளுக்கு ஒன்பது வயது நடக்கிறது. காபிச் செடிக்கு நடுவே காலையும் மாலையும் என்னோடு சுற்றி வருகிறாள். ஆபரேஷன் செய்யவில்லை.

அதற்காக ஒன்றுமே செய்யாமல் விட்டுவிட்டோம் என்று நினைக்காதீர்கள். தினப்படி வேலை இருக்கிறது. அவளை ஒல்லியாக வைத்திருக்கிறோம். ஆள் பார்த்தால் சோறு போடுவதில்லையா என்று கேட்கும் அளவுக்கு ஒல்லி. விலா எலும்பைக் கையால் தடவினால் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். பத்து மாத லேப் 38 கிலோ என்றால், எலும்பு பெரிய நாயாகவே இருந்தாலும் எனக்குக் கூடுதலாகத்தான் படுகிறது.

இங்கே மார்கழி, தை மாதப் பனியில் அவளுக்குக் காலையில் உடம்பு விறைத்துக்கொள்ளும். எழுந்த உடனே வெளியே விடமாட்டோம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை இடுப்பில் பத்து நிமிஷம் போட்டு, வராந்தாவிலேயே நாலு சுற்று மெதுவாக நடக்கவிட்டு, அப்புறம்தான் தோட்டம். வாரம் முழுக்கக் கட்டிப்போட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் லேடீஸ் சீட் மலைமுனை வரை கூட்டிப் போனால் திங்கட்கிழமை நொண்டத்தான் செய்யும். கொஞ்சமாக நடந்தாலும் தினமும் ஒரே அளவு நடக்க வேண்டும்.

#3 கொண்டலாம்பட்டி ராட்வீலர்

நான் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ராட்வீலருக்கு அந்த ஆபரேஷன்தான் செய்தோம். மருந்து, எண்ணெய், பெல்ட் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. ராத்திரியெல்லாம் அனத்திக்கொண்டே கிடப்பான். செய்த பிறகு வலி போய்விட்டது. நடை கொஞ்சம் சாய்வுதான், ஆனால் சந்தோஷமாக இருக்கிறான். வலியில் கிடக்கும் நாயைப் பார்த்துக்கொண்டு, பொறுங்கள் பொறுங்கள் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

#4 கால்நடை டாக்டர், ஆத்தூர்

நீங்கள் இருவர் சொல்வதும் அவரவர் நாய்க்குச் சரி. கருப்பனுக்கு எது என்பதைப் பார்ப்போம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இந்த நோய் பரம்பரையில் வருவது. ஒரு ஜீன் மட்டும் காரணமில்லை, பல ஜீன்கள் சேர்ந்து செய்வது. ஆனால் குட்டி பிறக்கும்போது மூட்டு நன்றாகத்தான் இருக்கும். வளரும் மாதங்களில் மூட்டைப் பிடித்துவைக்கும் தசைநார் தளர்ந்து, பந்து கிண்ணத்துக்குள் இறுக்கமாக உட்காராமல் ஆடுகிறது. ஆடிக்கொண்டே வளர்வதால் கிண்ணம் ஆழமில்லாமல் போகிறது. குருத்தெலும்பு தேய்கிறது. அதிலிருந்து ஆர்த்ரைட்டிஸ். பெற்றோரிடமிருந்து வந்ததை நம்மால் மாற்ற முடியாது. எடை, தீனி, தரை, நடை ஆகியவை நம் கையில் இருக்கின்றன. அவை ஒன்றும் சின்ன விஷயமில்லை.

லேப்ரடார்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஒரு நெடுநாள் ஆய்வு எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. 48 குட்டிகள், ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவான தீனி. தீனி ஒன்றேதான், அளவு மட்டும் வேறு. ஆயுள் முழுக்க அப்படியே வளர்த்தார்கள். இடுப்பு மூட்டுத் தேய்மானம் பாதி நாய்களுக்கு எக்ஸ்ரேயில் தெரிந்துவிட்ட வயது, நிறையச் சாப்பிட்டவற்றில் 6 வருடம், குறைவாகச் சாப்பிட்டவற்றில் 12 வருடம். சராசரியில் ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாகவும் வாழ்ந்தன. உடன்பிறந்த நாய்களில் சாப்பாட்டுத் தட்டு மட்டுமே செய்த வித்தியாசம் இது.

இனி எக்ஸ்ரே. மயக்க ஊசி போட்டு எடுத்தார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். நாயை மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு பின்காலையும் நேராக இழுத்து, முழங்கால் இரண்டும் உள்பக்கம் திரும்பி ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி பிடித்து எடுக்க வேண்டும். விழித்திருக்கும் நாய் அப்படிப் படுக்காது. இடுப்பு சற்றுக் கோணலாக இருந்தாலே ஒரு பக்கக் கிண்ணம் ஆழமில்லாத மாதிரி படத்தில் தெரியும்.

படம் மோசமாக இருந்தும் துள்ளி ஓடும் நாய்களைப் பார்த்திருக்கிறேன். படத்தில் லேசாகத்தான் தெரியும், ஆனால் எழவே சிரமப்படும் நாய்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் படத்தை மட்டும் வைத்துக் கத்தியை எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பொதுவாக 5 முதல் 12 மாதம் வரை வலிக்கும் கட்டம் ஒன்று வரும். ஒன்றரை வயதை நெருங்கும்போது மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து, ஆட்டம் குறைந்து, நிறைய நாய்கள் தாமாகவே தேறுகின்றன. கருப்பன் சரியாக அந்தக் கட்டத்தில் இருக்கிறான்.

கொண்டலாம்பட்டி சார் சொன்ன ஆபரேஷனைக் குறைத்துப் பேச மாட்டேன். மருந்துக்கு அடங்காத வலிக்கு அது நல்ல வழி. பந்துத் தலையை எடுத்த பிறகு தசையும் நாரும் சேர்ந்து ஒரு பொய் மூட்டை உருவாக்கிக்கொள்ளும். அதற்குத் தொடையில் சதை வேண்டும், உடம்பில் கொழுப்பு இருக்கக் கூடாது, ஆபரேஷன் முடிந்த சில நாளிலேயே காலை ஊன்றி நடக்கவைக்க வேண்டும். எடை குறைந்த நாய்களில் பலன் அதிகம். ஆக நாளைக்கு ஆபரேஷன்தான் என்றாலும் எடையைத்தான் முதலில் குறைக்க வேண்டும். அந்த வேலையை இன்றைக்கே தொடங்குங்கள். முழு மூட்டையும் மாற்றுவது இன்னொரு வழி. அதற்குத் தனிப் பயிற்சி பெற்ற அறுவை மருத்துவர் வேண்டும், செலவும் பெரிது.

கால்சியம் சிரப்பை நிறுத்திவிடுங்கள். பெரிய இனக் குட்டிகளுக்கு முதல் ஆறு மாதம், தேவைக்கு மேல் வரும் கால்சியத்தை ஒதுக்கத் தெரியாது. அவ்வளவையும் உடம்பில் ஏற்றிக்கொண்டு எலும்பு வளர்ச்சியைக் கெடுத்துக்கொள்ளும். விற்பவர்கள் இதை எல்லாக் குட்டிக்கும் எழுதித் தருவதைப் பார்க்கும்போது மனம் வேகிறது.

ஒன்று மட்டும் உடனே பாருங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா? நம் ஊரில் மூட்டு வலியோடு வரும் இளம் நாயில் அதை விட்டுவிடவே கூடாது. இடுப்பு தளர்வாக இருக்கும் நாய்க்கும் உண்ணிக் காய்ச்சல் வரும். நீங்கள் இடுப்பைப் பழித்துக்கொண்டிருப்பீர்கள். அதேபோல ஒரு பின்காலை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால் முழங்கால் தசைநாரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

#5 அழகாபுரம் லேப்

டாக்டர், ரொம்ப நன்றி. மயக்க ஊசி போடவில்லை, நாலு பேர் பிடித்துக்கொண்டுதான் எடுத்தார்கள். ரத்தப் பரிசோதனையும் செய்யவில்லை. நாளைக்கே செய்துவிடுகிறேன்.

சாப்பாட்டை எப்படிக் குறைப்பது? தட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். அப்புறம் வீடு முழுக்க வழவழ டைல்ஸ். காலிங் பெல் அடித்தால் ஓடிவந்து வழுக்கி விழுகிறான்.

#6 மாமாங்கம் கோல்டன்

தம்பி, டைல்ஸ்தான் நம் வீடுகளில் பாதி நோய். எங்கள் கோல்டன் ரெட்ரீவர் வழுக்கும்போது பின்கால் இரண்டும் பக்கவாட்டில் விரியும். ஏற்கனவே தளர்ந்த மூட்டுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. வீடு முழுவதும் மூடத் தேவையில்லை. அவன் படுக்கும் இடம், சாப்பிடும் இடம், வாசல், பின்கட்டு, இவற்றை இணைக்கிற மாதிரி ஒரு பாதை போடுங்கள். அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடி நீளமாகக் கிடைக்கும். சாதாரணப் பாய் போட்டால் பாயோடு சேர்ந்து சறுக்குவான். பாதத்தின் அடியில், விரல்களுக்கு நடுவே வளரும் முடியைக் கத்தரித்து விடுங்கள். நகம் தரையில் டக் டக் என்று கேட்டால் நீளம் என்று அர்த்தம். படுக்கைக்குக் கெட்டியான ஃபோம் வாங்கி, மேலே பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டிருக்கிறோம். துவைக்கவும் சுலபம்.

சாப்பாடு விஷயத்தில் அம்மாவைத்தான் முதலில் சம்மதிக்கவைக்க வேண்டும். எங்கள் வீட்டில் மாமனார் காலை இட்லியில் பாதியை அவனுக்குத் தருவார், மாலை பிஸ்கட், ராத்திரி தயிர்சாதத்தின் கடைசி உருண்டை. ஒவ்வொன்றும் கொஞ்சம்தான், சேர்த்தால் ஒரு வேளைச் சாப்பாடு. இப்போது அவன் ஒரு நாள் பங்கைக் காலையிலேயே எடை போட்டு ஒரு டப்பாவில் வைத்துவிடுவோம். யார் என்ன கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான். மாமனாருக்குக் கொடுக்கும் சந்தோஷமும் குறையவில்லை. பசிக்கிற மாதிரி பார்த்தால் வேகவைத்த பீன்ஸ், பூசணி, சுரைக்காய். வயிறு நிறையும், எடை ஏறாது. சோற்றைப் பாதியாக்குங்கள், கோழியைக் குறைக்காதீர்கள். சதை கரையக் கூடாது. மாலையில் வாங்கி வரும் தட்டுவடை செட்டிலிருந்து ஒன்றுகூட வேண்டாம். அதில் இருக்கும் வெங்காயம் நாய்க்கு விஷம்.

எடை பார்க்கக் கிளினிக்குக்கே போக வேண்டியதில்லை. லீ பஜாரில் தெரிந்த மண்டி இருந்தால் மூட்டை போடும் தராசில் நிற்கவைத்து விடலாம். ஒரே தராசு, ஒரே நேரம், வெறும் வயிறு. அது போதும்.

#7 தாரமங்கலம்

விளக்கெண்ணெயைச் சூடுபண்ணித் தேய்த்தால் எங்கள் பக்கத்தில் கேட்கும். எலும்புக் கட்டுக் கட்டுபவரிடமும் காட்டலாம். வலி அதிகமாக இருந்தால் நாம் சாப்பிடும் வலி மாத்திரையில் பாதி கொடுப்போம்.

#8 கால்நடை டாக்டர், ஆத்தூர்

தாரமங்கலம் அண்ணா, நீங்கள் அக்கறையில் சொல்கிறீர்கள். ஆனாலும் மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்லியே ஆக வேண்டும். தயவுசெய்து மனிதர்களுக்கான வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் இரண்டும் நாயின் வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதி மாத்திரைக்கே ரத்த வாந்தியோடு வந்த நாய்கள் உண்டு. டைக்ளோஃபினாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006இல் தடை வந்தது, மருந்து ஏறிய மாடுகளின் பிணத்தைத் தின்று செத்த பாறுக் கழுகுகளைக் காப்பாற்றத்தான். நாய்க்கு அது ஆகாது என்பது தனிக் கதை.

நாய்களுக்கென்றே கார்ப்ரோஃபென், ஃபிரோகாக்சிப் போன்றவை இருக்கின்றன. மெலாக்சிகாமும் தருகிறோம். அளவு எடையைப் பொறுத்து மாறும், அதனால் இங்கே எழுத மாட்டேன். ஆரம்பிக்கும் முன் ஈரல், சிறுநீரக ரத்தப் பரிசோதனை. சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். வாந்தி, கறுப்பு மலம், சாப்பிடாமை, இதில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் இந்த மாத்திரை கூடவே கூடாது. சில இடங்களில் நொண்டுகிறது என்றாலே ஸ்டீராய்டு போட்டு அனுப்பிவிடுகிறார்கள். என்ன ஊசி போட்டார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எண்ணெய் தேய்ப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் நக்கும், விளக்கெண்ணெய் வயிற்றைக் கலக்கும். கற்பூரம் கலந்த தைலம், பாம் வேண்டவே வேண்டாம். கட்டுக் கட்டுவதால் இடுப்பு மூட்டுக்குள் எதுவும் மாறாது, இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம்தான் நிற்கும். ஏற்காடு அண்ணா சொன்ன வெந்நீர்த் துண்டு நல்லது, உங்கள் கை பொறுக்கும் சூடாக இருக்க வேண்டும். மீன் எண்ணெய் ஆர்த்ரைட்டிஸ் உள்ள நாய்களுக்கு உண்மையிலேயே உதவுகிறது. மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமின் பற்றி ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. கொடுப்பவர்களைத் தடுக்க மாட்டேன், ஆனால் காசு குறைவு என்றால் முதலில் மீன் எண்ணெய்.

#9 ஓமலூர் பண்ணை

நீச்சலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மூட்டில் பாரம் விழாமல் தொடைச் சதை வளர அதைவிட நல்லது இல்லை. எங்கள் தோட்டத்தில் மோட்டார் தண்ணீர் விழும் சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. உள்ளே கருங்கல் அடுக்கிச் சரிவாக இறங்க வழி செய்திருக்கிறோம். நாயின் வயிற்றுக்கு அடியில் பழைய வேட்டியை மடித்துக் கொடுத்து இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்வோம். முதலில் நெஞ்சளவு தண்ணீரில் நடக்கவிட்டோம். அதற்குப் பழகிய பிறகுதான் நீச்சல், அதுவும் அவன் மூச்சு வாங்குவதற்கு முன்னால் வெளியே. முடிந்ததும் காதுக்குள் துடைத்துவிட வேண்டும். லேப்புக்குக் காதில் ஈரம் நின்றால் சீழ் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. பிளாஸ்டிக் தார்ப்பாய் விரித்த பண்ணைக் குட்டையில் இறக்கிவிடாதீர்கள். கரை முழுக்க வழுக்கும், பாசி வேறு. நல்ல காலுள்ள நாயே ஏற முடியாமல் செத்திருக்கிறது. பின்கால் வலுவில்லாத நாய்க்குக் கேட்கவே வேண்டாம். கிணற்றுப் படிக்கட்டும் வேண்டாம்.

அழகாபுரம் தம்பி, வார இறுதியில் கருப்பனைக் கூட்டி வாருங்கள். தொட்டி சும்மாதான் கிடக்கிறது.

#10 ஏற்காடு எஸ்டேட்

ஓமலூர் அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. வண்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடிவாரத்திலிருந்து இங்கே வர இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் சீட்டில் நிற்கும் நாய் பின்காலால்தான் தாங்கிப் பிடிக்கிறது. முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தைப் பழைய மெத்தையால் நிரப்பி, படுத்தே வரும்படி செய்யுங்கள். ஜீப்பிலிருந்து குதிக்கவிடாதீர்கள். நாங்கள் சில்வர் ஓக் பலகை ஒன்றில் தேங்காய்நார் மிதியடியை ஆணியடித்துச் சரிவுப் பலகையாக வைத்திருக்கிறோம். முதலில் அதைத் தரையில் தட்டையாகப் போட்டு, மேலே நடக்கப் பழக்கிய பிறகே சாய்த்தோம்.

மேட்டில் மெதுவாக ஏறுவது பின்காலுக்கு நல்ல வேலை. இறக்கத்தில் வேகம் எடுக்கவிடக் கூடாது, கயிறு கையில் இருக்கட்டும்.

#11 அழகாபுரம் லேப்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அம்மாவுக்கு எல்லாப் பதிவையும் வாசித்துக் காட்டினேன். டப்பா யோசனையை அவரே எடுத்துக்கொண்டார். ஓமலூர் அண்ணா, கட்டாயம் வருகிறோம். டாக்டர், மயக்க ஊசி போட்டு மறுபடி எக்ஸ்ரே எடுக்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகட்டுமா? கருத்தடை ஆபரேஷனையும் அதே மயக்கத்தில் செய்துவிடலாமா?

#12 சூரமங்கலம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். #1 படித்ததிலிருந்து மனசு சரியில்லை. கறுப்பு லேப், கால்சியம் சிரப் சீட்டு, எல்லாம் ஒத்துப்போகிறது என்று அழகாபுரம் சாரிடம் தனியாகக் கேட்டேன். ஒரே ஆளிடம்தான் இருவரும் வாங்கியிருக்கிறோம். தாய், தகப்பனும் அதே ஜோடி, இது அடுத்த ஈற்று. எங்கள் குட்டிக்கு 13 வாரம். நன்றாகத்தான் ஓடுகிறாள். கென்னல் கிளப் சான்றிதழ் இருக்கிறதே, பயப்பட வேண்டுமா?

#13 கால்நடை டாக்டர், ஆத்தூர்

அழகாபுரம் தம்பி, நாமக்கல் நல்ல யோசனை. ஆத்தூர்ப் பக்கம் வருவதானால் தலைவாசல் கல்லூரியும் இருக்கிறது. முன்கூட்டியே விசாரித்துவிட்டு, வெறும் வயிற்றில் கூட்டிப் போங்கள். பழைய படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். கருத்தடை இப்போது வேண்டாம், வளர்ச்சி முடியட்டும். பெரிய இனங்களில் ஒரு வயதுக்கு முன் செய்தால் மூட்டுக் கோளாறுகள் கூடுகின்றன என்று கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகம் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அதுவரை அவனை இணைக்குக் கேட்டு யார் வந்தாலும் விடாதீர்கள்.

சூரமங்கலம் அம்மா, நீங்கள் கேட்டது நல்ல நேரம். சான்றிதழ் வம்சத்தைத்தான் சொல்லும், இடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பெற்றோருக்கு இரண்டு வயதுக்குப் பிறகு எடுத்த இடுப்பு எக்ஸ்ரே இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். இல்லை என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன், இருந்தாலும் கேளுங்கள்.

குட்டியை இந்த வாரமே காட்டுங்கள். லேசான மயக்கத்தில் தொடையை அழுத்தி விரித்துப் பார்த்தால், தளர்ந்த மூட்டு கிண்ணத்துக்குள் திரும்ப விழுவது கையிலேயே தெரியும். அப்படி இருந்தால், இடுப்பெலும்பின் முன்பக்க இணைப்பைச் சுட்டு வளர்ச்சியை நிறுத்தும் ஒரு சின்ன ஆபரேஷன் இருக்கிறது. கிண்ணம் வளரும்போது பந்தின் மேல் நன்றாகக் கவிழ்ந்துகொள்ளும். 20 வாரத்துக்குள் செய்தால்தான் பலன், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கருப்பனுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. உங்கள் குட்டிக்கு இன்னும் இருக்கிறது.

அதுவரை மாடிப்படி ஏற விடாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். பிறந்து மூன்று மாதத்துக்குள் தினமும் படி ஏறி இறங்கிய பெரிய இனக் குட்டிகளுக்கு இந்த நோய் அதிகம் வந்ததாகவும், மென்மையான மண் தரையில் கட்டில்லாமல் திரிந்தவற்றுக்குக் குறைவாக வந்ததாகவும் நார்வேயில் கண்டிருக்கிறார்கள். மண் தரையில் அவள் இஷ்டத்துக்கு ஓடட்டும். கால்சியம் சிரப்பை நிறுத்துங்கள். பெரிய இனக் குட்டிகளுக்கான தீனி மட்டும் போதும்.

#14 சூரமங்கலம்

போன் பண்ணிவிட்டேன் டாக்டர். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஈற்றில் குட்டி வாங்கிய இன்னொரு வீடு அம்மாபேட்டையில் இருக்கிறது, அவர்களுக்கும் இந்த இழையை அனுப்பியிருக்கிறேன்.

#15 அழகாபுரம் லேப்

எங்கள் ஈற்றில் வாங்கியவர்கள் யார் யார் என்று விற்றவரிடம் நான் கேட்டு வாங்குகிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் நானே பேசுகிறேன்.